கடிகாரத்தின் முகத்தில் இருந்த இரண்டு வரி

நான் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். நாமக்கல்லில் இருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் எங்கள் பாடி பட்டறை இருக்கிறது. எங்கள் என்றால் எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும். மரமும் இரும்பும் அவன் வேலை. பெயிண்டும் எழுத்தும் என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலீஷ் பேச வராது. படித்தாலும் புரியாது. ஆனால் இங்கிலீஷ் எழுத்தை நாற்பது வருடமாக எழுதுகிறேன். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வண்டியில் இறக்குவேன். அர்த்தம் கேட்க மாட்டேன்.

எழுதத் தெரிந்ததால்தான் இது இவ்வளவு தூரம் போனது.

பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டீச்சர் இருந்தார். ரிடையராகிப் பல வருடம் ஆகிறது. எழுபதைத் தாண்டியவர். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகன், பெங்களூரில் வேலை. புரட்டாசி மாதம் ஒரு காலையில் டீச்சர் பட்டறைக்கு நடந்தே வந்தார்.

“ஏனுங்க, கறையான் அரிச்ச மரத்தைச் சரி பண்ணுவீங்களா?”

“என்ன மரமுங்க டீச்சர், கதவா?” என்றான் மைத்துனன்.

“கடியாரம்.”

அவன் என்னைப் பார்த்தான். “கடியாரத்துல கறையானுங்களா? மணி பாத்து வந்து திங்குதாட்டம் இருக்குது.”

டீச்சர் சிரிக்கவில்லை. “வந்து பாருங்க. அப்பறம் பேசுங்க.”

போய்ப் பார்த்தோம். கூடத்து மூலையில் நின்றது. என்னைவிட இரண்டு முழம் உயரம் இருக்கும். பீரோவை ஒடுக்கி நீட்டின மாதிரி. கருஞ்சிவப்பு மரம். உச்சியில் மூன்று பித்தளைக் குண்டு. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இரும்புத் தகட்டில் வெள்ளை பெயிண்ட் அடித்த முகம். நான்கு மூலையிலும் பூ. மேலே அரைவட்டத்தில் கண்ணும் மூக்கும் வைத்த ஒரு நிலா. வயிற்றுப் பக்கம் இருந்த நீளக் கதவைத் திறந்து காட்டினார். கயிற்றில் இரண்டு டின் தொங்கின. உள்ளே ஈயம். அந்தப் பாரத்தில்தான் ஓடுகிறது. பின்னால் பெண்டுலம் போய்ப் போய் வந்தது.

டீச்சரின் அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அங்கே இருந்த அமெரிக்கக்கார டாக்டர் கப்பலில் கொண்டுவந்த கடிகாரம் இது. டாக்டருக்கே அது பாட்டன் வழியில் வந்தது. அவர் ஊர் திரும்பியபோது இதைத் தூக்கிப் போக முடியவில்லை. கம்பவுண்டரிடம் விட்டுவிட்டுப் போனார்.

“கேட்டா திருப்பிக் குடுக்கோணும்னு அப்பா சாகற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாருங்க. யாரும் கேக்கல” என்றார் டீச்சர்.

வீடு கைமாறிவிட்டது. கார்த்திகை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். வாங்கினவர் இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறார். டீச்சர் மகனோடு பெங்களூர் போகிறார். பதினோராவது மாடி. கடிகாரத்தை வைக்க அங்கே சுவர் இல்லை என்று மகன் சொல்லிவிட்டார். ஆனால் மகனே தேடிப் பிடித்து, டாக்டரின் சொந்த ஊரில் இருக்கிற ஒரு சின்ன மியூசியத்துக்கு எழுதியிருந்தார். அந்த ஊரில் அந்தக் காலத்தில் செய்த சாமான்களை மட்டும் வைத்திருக்கிறார்களாம். வேண்டாம் என்று சொல்லவில்லை. விவரம் அனுப்புங்கள் என்றிருக்கிறார்கள்.

“அது ஊருக்குப் போய்ச் சேந்துருச்சுன்னா நானும் மாடி ஏறிருவேன்” என்றார் டீச்சர்.

“போகலீன்னா?” என்றான் மைத்துனன்.

“ஊட்டோட அதுவும் போகும். வெறகுக்குத்தான் ஆவும்.”

பிறகு கடிகாரத்தைக் கழற்றினோம். முதலில் பாரம், அப்புறம் பெண்டுலம், அப்புறம் தலைக்கூடு என்று டீச்சர் வரிசை சொன்னார். அப்பா காட்டிக் கொடுத்தது. முகமும் சக்கரங்களும் ஒன்றாகத் தனியே வந்தன.

“அடிக்கட்டையை மட்டும் பாருங்க. வேற எதையும் தொட வேண்டாம்” என்றார்.

பட்டறைக்குக் கொண்டுவந்து மைத்துனன் அதை மட்டும்தான் செய்தான். மக்கின பகுதியை அறுத்து எடுத்து, ஒரு பழைய கட்டில் சட்டத்தின் தேக்கை வைத்து ஒட்டினான். கண்ணுக்குத் தெரியாத ஒட்டு. அவன் கைவேலை அப்படி.

தொட்டது நான்.

ஆயுத பூஜைக்கு எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. அன்றைக்குப் பட்டறைக்குள் நிற்கிற எதுவும் அழுக்கோடு நிற்கக் கூடாது. நம் சாமான், அடுத்தவர் சாமான் என்று பார்ப்பதில்லை. வெல்டிங் மிஷினில் இருந்து டீ வாங்கப் போகிற தூக்குப்போசி வரைக்கும் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைப்போம். பாதி கட்டின லாரியும் பொட்டோடுதான் நிற்கும். ஒன்றை விட்டால் பந்தியில் ஒருத்தருக்கு இலை போடாமல் விட்ட மாதிரி.

முதல் நாள் ஒரு வண்டியை முடித்துக் கொடுத்திருந்தோம். கழுத்து வலி. இடுப்பு வலி. காலையில் இருந்து துடைத்துக்கொண்டே இருந்தேன். கடிகாரத்தின் முகம் மேஜைமேல் ஒரு சாக்கு விரிப்பில் இருந்தது. கண்ணாடி இல்லாமல். ஊதுபத்திப் புகையும் அடுப்புப் புகையும் ஏறி, வெள்ளை பழுப்பாகி இருந்தது. பனியன் வேஸ்ட் துணியை டீசலில் நனைத்து ஒரு மூலையைத் துடைத்தேன். லாரி பானட்டை அப்படித்தான் துடைப்போம், பளபளப்பு வரும். மூலையில் இருந்த பூ சிவப்பாக எழுந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. மற்ற மூன்று மூலையையும் துடைத்தேன். நிலாவைத் துடைத்தேன். நடுவில் துடைத்தேன். வேஸ்ட்டில் கறுப்பாக வந்தது. புகை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

பொட்டு வைக்கும்போதுதான் என் மூக்குக் கண்ணாடியைப் போட்டேன். முள் சுற்றுகிற ஓட்டைக்குக் கீழே ஒரு கோடு தெரிந்தது. எழுத்தின் வால். மெல்லிய பிரஷில், கை தூக்காமல் இழுத்த வால். எழுத்துக்காரனுக்கு அது தெரியும். அதற்கு முன்னால் எழுத்துகள் இருந்திருக்க வேண்டும். கீழே இன்னொரு வரியும் இருந்திருக்க வேண்டும், அந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட மங்கலாக இருந்தது. இரண்டு வரியும் என் கையில் இருந்த வேஸ்ட்டில் இருந்தது.

மூலையில் சந்தனம் வைத்தேன். குங்குமம் வைத்தேன். மைத்துனன் பூசணிக்காய் உடைத்தான். பொரி தின்றோம். யாரிடமும் சொல்லவில்லை.

பூஜை முடிந்து நான்காம் நாள் கடிகாரத்தைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தினோம். டீச்சர் எட்ட நின்று பார்த்தார்.

“மூஞ்சி கழுவின மாதிரி இருக்குதுங்க.”

“பூஜைக்குத் துடைச்சதுங்க” என்றேன். அது பொய் இல்லை. முழுசும் இல்லை.

“நல்லா இருக்குது” என்றார். காபி கொடுத்தார். குடித்தேன்.

தீபாவளி முடிந்து மகன் வந்திருந்தார், வீட்டைக் காலி செய்ய. ஒரு மாலை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். மைத்துனனும் நானும் போனோம். கடிகாரத்தின் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. டீச்சர் ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மியூசியத்தில் இருந்து பதில் வந்திருக்கிறது. முகத்தில் செய்தவர் பேரும் ஊர்ப் பேரும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், எங்கள் ஊர்ப் பேர் இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று. வீட்டில் பழைய போட்டோ ஒன்று இருந்தது. மகன் கல்யாணத்தில் எடுத்தது. கடிகாரம் பின்னால் நிற்கிறது. ஃபிளாஷ் பட்டு, கண்ணாடியில் சரியாக அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

“இங்கதான் இருந்துச்சு” என்றார் டீச்சர். “மேல பேரு. கீழ ஊரு. மங்கலாத்தான் இருக்கும். ஆனா இருந்துச்சு. போன தை மாசம்கூடப் பாத்தேன்.”

“போன தை பாத்தியா, பத்து வருசத்துக்கு முன்னால பாத்தியாம்மா?” என்றார் மகன்.

டீச்சர் யோசித்தார். ஸ்டூலில் இருந்து இறங்கினார். “தெரியல. கண்ணு சரியில்ல எனக்கு. எதைப் பாத்தேன், எதைப் பாக்கலைன்னே தெரிய மாட்டேங்குது.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு கை தூரம். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. அவர் கண்ணையே அவர் குற்றம் சொல்லிக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அதற்கடுத்த வாரமும் போனார்.

டீச்சரின் அப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார். மருந்து அளவெல்லாம் எழுதின நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் கடிகாரத்தில் இருந்த இரண்டு வரியையும் பார்த்து எழுதி வைத்திருந்தார். டீச்சர் அந்த நோட்டோடு பட்டறைக்கு வந்தார். கூடவே மகன்.

“பெயிண்டர் அண்ணா, நீங்க இதை அதே எடத்துல எழுதிக் குடுக்கணும்” என்றார் மகன்.

நான் டீச்சரைப் பார்த்தேன்.

“நானும் யோசிச்சேனுங்க” என்றார் டீச்சர். “இல்லாததையா எழுதறோம்? இருந்ததைத்தானே. கோயில் போர்டு அழிஞ்சா திருப்பி எழுதறதில்லையா?”

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகள் நோட்டைத் திருத்தினவர். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு இதில் வசதி இருந்தது. எழுதிவிட்டால் கடிகாரம் பிழைக்கும். நான் துடைத்ததும் மறையும். சரி என்றேன்.

மறுநாள் அவர் வீட்டிலேயே வைத்து வேலை பார்த்தேன். டீச்சர் அந்த இரண்டாவது தடவையாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மகன் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். லாரியில் எழுதுகிற மாதிரிதான் செய்தேன். எழுதுகிற இடத்தில் முதலில் வாட்டர் பேப்பரை, உப்புத்தாளைத்தான் அப்படிச் சொல்வோம், தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் எழுதினால் பெயிண்ட் பிடிக்காது, உரிந்து வரும். நைஸ் பேப்பர் போட்டு, வட்டமாக, மெதுவாகத் தேய்த்தேன். அந்த வாலும் போனது. துடைத்தேன். காய விட்டேன். ஐந்தாறு மயிர் மட்டும் இருக்கிற பிரஷில் கறுப்பு எனாமல் தொட்டு இரண்டு வரியும் எழுதினேன்.

மைத்துனன் வந்து பார்த்தான்.

“மாமா, எல்லாம் சரி. ஆனா அந்தக் கடைசி எழுத்து வாலைச் சுருட்டி உட்டீங்க பாருங்க. அதுக்குப் பக்கத்துல ஒரு எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டி உட்டா நேரா லோடு ஏத்தலாம்.”

பார்த்தேன். அவன் சொன்னது சரி. லாரி எழுத்து. வாலை நீட்டிச் சரிசெய்தேன். மகன் போட்டோ எடுத்து அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரம், மியூசியத்து அம்மா வீடியோவில் வந்தார். வெள்ளை முடி. கழுத்தில் கயிறு போட்டுக் கண்ணாடி தொங்கியது. மகன் செல்போனைக் கடிகாரத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அந்த அம்மா நிறைய நேரம் பார்த்தார். பிறகு பேசினார். மகன் எங்களுக்குச் சொன்னார்.

“எழுத்து ரொம்ப நல்லா இருக்குதாம். எழுதின கை நல்ல கையாம்.”

மைத்துனன் என் முதுகில் இடித்தான்.

“ஆனா புதுசாம். கறுப்பு மேலாப்புல ஒக்காந்திருக்குதாம். பழசுன்னா உள்ள எறங்கியிருக்குமாம். யார் எழுதினதுன்னு கேக்கறாங்க.”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். “நான்தான் எழுதச் சொன்னேன்னு சொல்லு” என்றார்.

மகன் சொன்னார். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. பல வீட்டில் இப்படிச் செய்வார்களாம். பேர் இருந்தாலும் அந்தப் பேர்க்காரர்தான் செய்தார் என்று சொல்ல முடியாதாம். மரக்கூடு ஒருத்தர் செய்வாராம். முகத்தகடு இங்கிலாந்தில் இருந்து வரும். சக்கரம் வேறொரு பட்டறையில் வாங்குவார்கள். எல்லாவற்றையும் சேர்த்து விற்றவர் தன் பேரைப் போட்டுக்கொள்வார்.

“நம்ம லாரியாட்டம்” என்றான் மைத்துனன். “சேஸிஸ் கம்பெனிக்காரன். பாடி நானு. பெயிண்ட் மாமா. முன்னால பேரு மட்டும் ஓனரோட கொழந்தைக.”

மகன் அதையும் இங்கிலீஷில் சொன்னார் போலிருக்கிறது. அந்த அம்மா சிரித்தார்.

பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கவலைப்பட வேண்டாம் என்றார். பழைய எழுத்து அழிந்துபோனாலும் தடம் இருக்கும். எழுத்து மூடியிருந்த இடத்தில் வெள்ளை பெயிண்ட் கொஞ்சம் மேடாக நிற்கும். முகத்துக்கு நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில், தகட்டோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் நிழல் விழும், படித்துவிடலாம். நூற்றுக்கு மேல் அப்படிப் படித்திருக்கிறாராம். புது எழுத்துக்குப் பக்கத்தில், மேலேயும் கீழேயும் சாய்த்து அடித்துக் காட்டச் சொன்னார்.

டீச்சர் எழுந்துவிட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். சாய்த்துப் பிடித்தார். நான்கு மூலையிலும் பெயிண்ட் மேடு பள்ளமாகத் தெரிந்தது. பூவின் காம்பு வரைக்கும் நிழல் விழுந்தது. நடுவில் மட்டும் ஒன்றும் இல்லை. வழுவழுப்பாக, வட்டமாக, ஒரு உள்ளங்கை அளவுக்கு.

“இங்க ஏன் இப்படி இருக்குது?” என்றார் டீச்சர்.

“தம்பி” என்றேன் மகனைப் பார்த்து. “பேப்பர் போட்டுட்டேன்னு சொல்லுங்க.”

“என்ன பேப்பர்?”

“வாட்டர் பேப்பர். எழுதறதுக்கு முன்னால தேய்ச்சேன். தேய்க்காம எழுத்து நிக்காது.”

மகன் சொல்லவில்லை. என்னையே பார்த்தார். மீதியையும் சொன்னேன்.

“அதுக்கு முன்னால பேரைத் துடைச்சதும் நான்தானுங்க. ஆயுத பூஜையன்னிக்கு. டீசல் போட்டு. வேஸ்ட்டுல கறுப்பா வந்துச்சு. பொகைன்னு நெனைச்சேன். அப்பறம் தெரிஞ்சுது. சொல்லல. டீச்சர் கண்ணுல ஒண்ணும் இல்லீங்க.”

செல்போனில் அந்த அம்மா ஏதோ கேட்டார். மகன் பதில் சொல்ல நேரமாயிற்று. ஆயுத பூஜை என்றால் என்ன என்று விளக்கினார் போலிருக்கிறது. அந்த அம்மா கேட்டுக்கொண்டார். ஒரு கேள்வி கேட்டார்.

“சாமி கும்பிடறதுக்காகத்தான் துடைச்சீங்களான்னு கேக்கறாங்க.”

“ஆமான்னு சொல்லுங்க தம்பி. ஆனா அதுக்கு அத்தனை அழுத்தித் துடைக்கணும்னு இல்ல. அது என் ஆசை.”

டீச்சர் டார்ச்சை அணைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ரெண்டு தடவை கண்ணாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தேன், பெயிண்டர்” என்றார். “ரெண்டு தடவையும் டாக்டர், கண்ணு நல்லா இருக்குதுங்கம்மான்னாரு. எனக்குப் புத்திதான் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சேன்.”

நானும் மைத்துனனும் வெளியே வந்தோம். பைக்கைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். ஏற மனசில்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க மாமா” என்றான். “அந்த வேஸ்ட்டை எடுத்து அடுப்புல போட்டது நாந்தான்.”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டா நீங்க சொல்லோணும். சொன்னா அப்பறம் நானும் போயிச் சொல்லோணும். எதுக்கு?”

மியூசியத்தில் இருந்து கடிதம் வந்தது. நல்ல வார்த்தைகளில் எழுதியிருந்தார்களாம். பேர் இல்லாத கடிகாரங்கள் ஏற்கனவே அவர்களிடம் இருக்கின்றன, வைக்க இடமில்லை. எங்கே செய்தது என்று காட்ட முடியாததை எடுப்பதில்லை. மகன் வந்து சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து டீச்சரே போன் செய்தார். “வந்து உங்க எழுத்தை அழிச்சுட்டுப் போங்க.”

போனேன். எனாமல் இன்னும் இறுகியிருக்கவில்லை. பஞ்சில் துளித் துளியாகத் தின்னர் தொட்டு எடுத்தேன். டீச்சர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. முடிந்ததும் சொன்னார்.

“துடைச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லீங்க. கை தவறும். நான் என் கண்ணைக் கொற சொல்லும்போது பக்கத்துல நின்னுட்டு இருந்தீங்க பாருங்க. அதுக்குத்தான்.”

“ஆமாங்க” என்றேன்.

அதற்கப்புறம் நான் இடம் தேடினேன். யாரும் தேடச் சொல்லவில்லை. கார்த்திகை ஓடிக்கொண்டிருந்தது. பட்டறை வேலையை மதியத்தோடு நிறுத்திவிட்டு பைக்கில் கிளம்புவேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. லாரிக்காரர்கள் சங்கத்து ஆபீசில் கேட்டேன். கூரை தாழ்வு. ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டேன். பிள்ளைகள் பெண்டுலத்தைப் பிடித்துத் தொங்குவார்கள் என்றார்கள். ராசிபுரத்தில் ஒரு ஓட்டலில் கேட்டேன். வாசலில் வைக்கலாம், ஓட வேண்டாம், சும்மா நிற்கட்டும், நடுக் கதவை எடுத்துவிட்டு ஊறுகாய் பாட்டில் அடுக்கலாம் என்றார். எழுந்து வந்துவிட்டேன். முகத்தில் இருந்த பேர் என் கையால் போனதென்றும் எல்லோரிடமும் சொன்னேன். அவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. வியாபாரத்துக்கு நான் ஏதோ அளக்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

கடைசியில் ஒரு கோயில் கல்யாண மண்டபம். மேனேஜர் என் வயதுக்காரர். வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார்.

“ஓடுமா?”

“ஓடுமுங்க.”

“மணி அடிக்குமா?”

“அடிக்கும்.”

“தாலி கட்டற நேரத்துல பன்னெண்டு அடிச்சுத் தொலைக்காதுங்களே?”

“பன்னெண்டு மணிக்கு முகூர்த்தம் வெச்சா அடிக்கும்.”

“அது யாரு வெக்கறாங்க?” என்று சிரித்தார். “கொண்டாங்க.”

யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டார். “அமெரிக்காவுக்குப் போவும்னு நெனைச்சேன். அஞ்சு கல்லு தள்ளிப் போகுது” என்றார். உள்ளே போகத் திரும்பினவர் நின்று, “வாரேன். நானும் வாரேன். எங்க நிக்குதுன்னு பாக்கோணும்” என்றார்.

வீட்டைக் காலி செய்வதற்கு இரண்டு நாள் முன்னால் கொண்டுபோனோம். எங்கள் மினி லாரியில், பழைய மெத்தை விரித்து. மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு மூலை. மைத்துனன் ரசமட்டம் வைத்து அடிக்கு ஆப்பு கொடுத்தான். கடிகாரம் கொஞ்சம் சாய்ந்தாலும் சத்தம் நொண்டும். மூன்று முறை ஆப்பை மாற்றினான். சத்தம் ஒரே சீராக வந்தது.

மேனேஜர் வந்து அண்ணாந்து பார்த்தார். “ராசா மாதிரி நிக்குதுங்க. அப்ப உபயம் எழுதிரலாம். பெயிண்டர் கையோடவே இருக்காரு.”

எங்கள் பக்கம் பொது இடத்துக்கு எது வந்தாலும் கொடுத்தவர் பேர் எழுத வேண்டும். டியூப் லைட், மின்விசிறி, தண்ணீர் டிரம், எல்லாவற்றிலும் இருக்கும். செய்தவர் பேரைத் தேடினால் எதிலும் கிடைக்காது.

“எங்கீங்க எழுதறது?” என்றேன்.

“அதா, நடுவுல சும்மாதானே இருக்குது. வெள்ளையா.” டீச்சர் பக்கம் திரும்பினார். “உங்க பேருங்களாம்மா, ஐயா பேருங்களா? இல்லீன்னா உங்க அப்பா பேரா?”

“அப்பாவுது இல்லீங்க இது” என்றார் டீச்சர். “என்னுதும் இல்ல. வெச்சிருந்தோம், அவ்வளவுதான்.”

“அப்ப அந்த வெள்ளைக்கார டாக்டரு பேரு.”

“அவரு எங்கப்பாகிட்டக் குடுத்தாரு. உங்களுக்குக் குடுக்கல.”

“செஞ்சவரு பேராச்சும் போடலாமுங்க. இங்கிலீசுல இருந்தா எடுப்பா இருக்கும்.”

“நோட்டுல ஒரு பேரு இருக்குது. அவருதான் செஞ்சாருன்னு யாருக்கும் தெரியாது.”

மேனேஜர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். “ஒண்ணுமே எழுதாம எப்படீங்கம்மா வெக்கறது? வாரவங்க கேப்பாங்க.”

“கேட்டா, மணி பாக்கன்னு சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பெயிண்டர் இரண்டு நிமிஷத்தில் எழுதிவிடுவான், இந்த அம்மா போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. டீச்சருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வழுவழுப்பான வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் எழுத மாட்டேனுங்க” என்றேன். “வேற ஆளு வெச்சு எழுதினாலும் நான் வந்து அழிச்சுருவேன். எனக்கு அது பழக்கம்.”

மைத்துனன் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். மேனேஜருக்கு விளங்கவில்லை. “என்னமோ போங்க” என்று சாவியை வாங்கிக்கொண்டார். எப்போது சாவி கொடுப்பது, எவ்வளவு திருப்புவது என்று டீச்சர் இரண்டு முறை சொல்லிக் காட்டினார். அவரையும் ஒரு முறை திருப்பச் சொன்னார். அவர் திருப்பினார்.

மணி பதினொன்று அடிக்கும்வரை டீச்சர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடித்தது. எண்ணினார் போலிருக்கிறது, உதடு அசைந்தது. எழுந்தார்.

மைத்துனன் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். முன் சீட்டுப் படி உயரம். நான் கை நீட்டினேன். டீச்சர் கதவுக் கம்பியைப் பிடித்து அவராகவே ஏறிக்கொண்டார். நான் பின்னால் ஏறி மெத்தையைச் சுருட்டிக் கட்டினேன். வண்டி கிளம்பியது.